வாயில்லாத முறம்

இருபத்தாறு வருடம் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டராக வேலை பார்த்தேன். கப்பல்காரன் ஊருக்குத் திரும்பும்போது என்ன கொண்டுவருவான் என்று எல்லோருக்கும் தெரியும். டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், பூப்போட்ட போர்வை. முதல் இரண்டு தடவை நானும் அவற்றைத்தான் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு என் பெட்டியில் வந்தவை வேறு. கறுத்துப்போன மரப்பொம்மை, ஓலையில் மடித்த பெண் தெய்வம், முறுக்கிய வைக்கோல் கயிறு, பழைய தொப்பி. எடுத்து வைத்தால் சந்தையில் மீந்த சாமான் போலத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு சொந்தம் உண்டு. அத்தனையும் நெல் விளைவிக்கிற ஜனங்கள் தங்கள் கையால் செய்து தாங்களே புழங்கியவை. வேறு எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்கியதில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் வீட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் பண்ணை. அப்பா அங்கே பண்ணையாள். அம்மா நடவுக்காரி. முப்பது பெண்கள் வயலில் இறங்கினால் அம்மாதான் முதல் ஆள்; அவள் குனிந்தால் மற்றவர்கள் குனிவார்கள், அவள் பாட்டை நிறுத்தினால் வேலை நிற்கும். எனக்கு விவரம் தெரிந்த நாளில் சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடியும் வயல் வரப்புகளில் செங்கொடியும் பறந்தன. கூலி நெல்லை உயர்த்தித் தராவிட்டால் அறுப்பில் இறங்குவதில்லை என்று எங்கள் தெரு முடிவு செய்திருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. யாரும் அரிவாளைத் தொடவில்லை.

பண்ணை ஏஜண்டு சைக்கிளில் வந்து எங்கள் குடிசைக்கு முன்னால் நின்றார். காலைக் கீழே ஊன்றினாரே தவிர இறங்கவில்லை.

"குடிசை யாரு நெலத்துல நிக்குது தெரியுமில்ல? நாளைக்கு வேலைக்கு வரல்லேன்னா பிரிச்சுக்கிட்டுக் கெளம்பிடுங்க."

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"மண்ணு உங்களோடதுங்க. கூரையும் மூங்கிலும் எங்களோடது. தூக்கிக்கிட்டுப் போறோம். ஆனா அறுப்புக்கு நீங்க வேற ஆள் பார்த்துக்கங்க."

ஏஜண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மறுநாள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தகராறாகி, போலீஸ் வந்து, அப்பாவையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வந்தபோது தாடி நெஞ்சைத் தொட்டது, ஒரு பல் இல்லை. கூலி மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. குடிசையை யாரும் பிரிக்கவில்லை.

அதற்குச் சில வருடம் கழித்து, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. தாலுக்கா ஆபீசில் அப்பா கையில் ஒரு பட்டா கொடுத்தார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என்னை வரவழைத்து அதை வாசிக்கச் சொன்னார். சர்வே நம்பர், மூன்று சென்ட், வடக்கே வாய்க்கால், தெற்கே பாதை என்று ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். முடித்ததும், "மறுபடியும் முதல்லேருந்து படி" என்றார். அம்மா அடுப்பைப் பார்க்காமல் வந்து நின்று கேட்டாள். சோறு அடிபிடித்து நாற்றம் வந்தது. யாரும் நகரவில்லை.

அந்த மூன்று சென்ட்டில்தான் என் சம்பளத்தில் ஓட்டு வீடு கட்டினோம். அதன் சுவரில் வைக்கத்தான் முதல் பொருளை வாங்கினேன்.

மணிலா துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மரச்சிலை. முழ உயரம் இருக்கும், எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெரு ஆள் ஒருவர் போலவே இருந்தது. மலைமேல் படிப்படியாக வயல் வெட்டி நெல் போடுகிறவர்களின் காவல் தெய்வம் அது, களஞ்சியத்துக்குள்ளே நெல்லோடு நெல்லாக உட்காரும் என்று கடைக்காரர் சொன்னார். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு அதை லுங்கியில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருடா இவரு?"

"நெல்லுக்குக் காவல். களஞ்சியத்துக்குள்ள உட்காருவாராம்."

"இப்ப இவரு இங்க வந்துட்டாரு. அங்க நெல்லுக்கு யாரு காவல்?"

அம்மா சிலையின் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"காவல் சாமியையே விக்கணும்னா அந்த வீட்டுல என்ன கஷ்டமோ. கேட்டியா நீ?"

கேட்கவில்லை. அழகாக இருக்கிறது, பழசாக இருக்கிறது, வாங்கிவிட்டேன். பண்ணையார் வீட்டுக் கூடத்தில் வரிசையாகத் தொங்கும் மான் கொம்புகள்தான் அப்போது நினைவுக்கு வந்தன. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் இரண்டு கேள்வி கேட்பேன். செய்தது யார்? விற்பது ஏன்? பதில் சொல்லாத கடையில் வாங்க மாட்டேன். அதனால் என் சேகரிப்பு மெல்லத்தான் வளர்ந்தது. இருபத்தாறு வருடத்தில் அறுபத்து மூன்று பொருள். பெரிய சேகரிப்பாளர்கள் ஒரே ஏலத்தில் இதைவிட அதிகம் வாங்குவார்கள். ஆனால் என்னுடையதில் ஒன்றுகூடத் திருட்டுப்பொருள் இல்லை என்று என்னால் சொல்ல முடியும், அந்த முதல் சிலையைத் தவிர. அது எப்படி மலையிறங்கியது என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. யார் கேட்டாலும் அதையும் சொல்லிவிடுவேன்.

அப்பாவுக்கு வேறு கேள்வி. எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், "அங்க நெலம் யாரு பேர்ல இருக்கு?" என்பார். இதற்காகவே துறைமுகத்துக்குத் துறைமுகம் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்துத் திரிந்தேன். ஜாவாவில் யார் பேரில், மடகாஸ்கரில் யார் பேரில், ஜப்பானில் யுத்தத்துக்குப் பிறகு யார் பேரில் என்றெல்லாம் கேட்டு வந்து சொல்வேன். ஜப்பானில் குத்தகைக்காரனுக்கே நிலத்தைக் கொடுத்துவிட்டார்களாம் என்று சொன்னபோது அப்பா அங்கிருந்து நான் கொண்டுவந்த வைக்கோல் கயிற்றைக் கையில் வாங்கி, "நல்லா முறுக்கியிருக்கான்" என்றார்.

இத்தாலியில் ஒரு கிழவியிடம் அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி வாங்கினேன். அவரே இளவயதில் தண்ணீரில் நின்று நாற்று நட்டவர், களை எடுத்தவர். எப்படி என்று தெருவிலேயே குனிந்து காட்டினார். கூலிக்காகச் சண்டை போட்டோம் என்று முஷ்டியை மடக்கிக் காட்டினார். பேரப்பிள்ளைகளுக்குத் தொப்பி வேண்டாமாம், அதனால்தான் விற்கிறாராம். ஊரில் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலை அலமாரியில் தொப்பி இல்லை. அம்மா அதைப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போயிருந்தாள்.

வரப்பில் நின்ற ஏஜண்டு, அதே மனிதர்தான், கொஞ்சம் கிழடு தட்டியிருந்தார், சிரித்தாராம்.

"என்னடி, தொரசானி கணக்கா வந்துட்ட?"

"தொரசானி இல்லீங்க. அங்கயும் நடவுக்காரிதான் இதைப் போட்டிருந்தா" என்று சொல்லிவிட்டு அம்மா குனிந்து நாற்று முடியை அவிழ்த்திருக்கிறாள். தெருவே இதை ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. தொப்பியின் விளிம்பில் காவிரி வண்டல் இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் அதைத் துடைக்கவில்லை.

இனி முறத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுகத்தில் எங்கள் கப்பல் பழுதாகி ஒன்பது நாள் நின்றது. சந்தையில் கறுப்பினப் பெண்கள் கோரை போன்ற ஒரு புல்லில் கூடை முடைந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் புதுக்கூடைகள். ஒரு அம்மையாரின் வண்டியில் மட்டும் பின்னால் ஒரு பெரிய வட்டத்தட்டு தொங்கியது. புல்லைக் கயிறு போலத் திரட்டி, சுருள் சுருளாகச் சுற்றி, மரப்பட்டையால் இறுக்கித் தைத்திருந்தது. பழுத்த புகையிலை நிறம். எங்கள் முறத்தைவிட அகலம்.

"அது விற்பனைக்கு இல்லை" என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே.

"நெல் புடைக்கிறதுதானே?" என்றேன்.

அவர் முடைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். அது என்னவென்று தெரியாமல்தான் எல்லோரும் விலை கேட்பார்களாம். உனக்கு எப்படித் தெரியும் என்றார். என் அம்மா புடைப்பாள் என்றேன். எப்படிப் புடைப்பாள், காட்டு என்றார். சந்தைக்கு நடுவில், வெறுங்கையில், இல்லாத முறத்தைப் பிடித்து, அம்மா மாதிரியே இடுப்பை ஒடித்து, தட்டித் தட்டிக் காட்டினேன். "ஷ்ஷ்" என்று அம்மா வாயால் போடுகிற சத்தம்கூடப் போட்டேன். பக்கத்து வண்டிப் பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு சொன்னார். அவருடைய முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவந்ததே அவர்களுக்கு நெல் வேலை தெரியும் என்பதால்தானாம். சதுப்பு நிலத்தைக் கழனியாக்கியது அவர்கள். விளைந்த நெல் யாரோ ஒருவருடையது. அந்தத் தட்டு நான்கு தலைமுறைக்கு முந்தைய ஒரு பெண் புழங்கியது. இப்போது அந்தப் பக்கம் யாரும் நெல் போடுவதில்லை.

கப்பல் நின்ற ஒன்பது நாளும் அந்த வண்டிக்குப் போனேன். கடைசி நாள் அவரே அதைக் கழற்றி என் கையில் வைத்தார். பணம் வாங்க மறுத்தார். பிடிவாதமாகக் கொடுத்தேன். "இது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. உன் அம்மா இதை வேலை வாங்கட்டும்" என்றார்.

அம்மா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு வாய் எங்கடா?"

எங்கள் முறத்துக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும். பதர் அந்த வழியாக வெளியேறும். இது முழுவட்டம், சுற்றிலும் விளிம்பு. இரண்டு நாள் அம்மா அதை வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றாள். எங்கள் முறம்போலப் பிடித்தால் நெல்லும் பதரும் சேர்ந்தே சிந்தின. மூன்றாம் நாள் அதன் போக்கு பிடிபட்டது. மேலே தூக்கிப் போட வேண்டும், காற்று பதரைக் கொண்டுபோகும், விழும் நெல்லைச் சுழற்றிப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டு விளிம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் தையல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இடது பக்கம் ஆழமாகத் தேய்ந்திருந்தது.

"இதைப் புழங்குனவ இடக்கைக்காரி. என் கை மாறி மாறிப் போகுது பாரு" என்றாள், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, நான் கப்பலைவிட்டு வந்த வருடம், தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். அத்தனையையும் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கண்காட்சி வைக்கலாமா என்றார். அட்டைப்பெட்டிகளில் வைக்கோல் அடைத்து வாடகை வேனில் ஏற்றினோம். அம்மாவும் ஏறிக்கொண்டாள்.

பொருள்களுக்குக் குறிப்பு எழுத, கும்பகோணத்திலிருந்து ஒரு வியாபாரியைப் பேராசிரியர் அழைத்திருந்தார். பழைய பித்தளை, பழைய மரவேலை பார்ப்பதில் பெரிய கை, வெளிநாட்டுக்காரர்களே அவரிடம் அபிப்பிராயம் கேட்பார்களாம். சிலையைப் பார்த்து நல்ல பழசு என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வட்டத்தட்டுக்கு வந்ததும் நகத்தால் ஒரு தட்டு தட்டினார்.

"இது எங்க வாங்கினீங்க?"

சொன்னேன்.

"டூரிஸ்ட் சாமான் சார். அலங்காரத்துக்குப் பண்றது. கப்பல்ல வர்றவங்ககிட்ட நாலு தலைமுறைன்னு கதை சொல்லித் தள்ளிவிடுவாங்க. நாம கார்டுல 'அலங்காரத் தட்டு'ன்னு போட்டுருவோம்."

அந்த அம்மையாரைப் பொய்க்காரி என்று சொன்னதுபோல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"ஐயா, அது அலங்காரத்துக்கு இல்லீங்க."

"அம்மா, தொடாதீங்க, தொடாதீங்க" என்று ஒரு ஊழியர் ஓடிவந்தார்.

அம்மா தட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டாள். திறப்புவிழாவுக்காக வாசலில் குத்துவிளக்குப் பக்கத்தில் மரக்கால் நிறைய நெல் வைத்திருந்தார்கள். அவசரத்தில் யாரோ அளந்து வைத்த நெல். பதரும் வைக்கோல் துணுக்கும் கலந்து கிடந்தது. அம்மா நேரே அங்கே போய், மரக்காலைச் சாய்த்து நெல்லைத் தட்டில் கொட்டிக்கொண்டு, காற்று வருகிற தாழ்வாரத்துக்குப் போனாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒருமுறை காற்றின் திசையைப் பார்த்தாள்.

நெல் எழும்பியது. அறுபது தாண்டியவள் தூக்கிப் போடுகிற உயரம் அது இல்லை. பதர் ஒரு திரைபோலப் பிரிந்து தாழ்வாரத்துக்கு வெளியே போனது. நெல் திரும்பி வந்து மழை விழுகிற சத்தத்தோடு தட்டில் விழுந்தது. ஒரு மணி கீழே சிந்தவில்லை. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. தட்டில் பொன்னாக நெல் மட்டும் நின்றது. தடுக்க ஓடிவந்த ஊழியரும் மாணவர்களோடு நின்று பார்த்தார்.

அம்மா தட்டை வியாபாரிக்கு முன்னால் நீட்டினாள்.

"அலங்காரத்துக்குப் பண்ணுனா இவ்வளவு இறுக்கித் தைப்பாங்களா? நெல்லு அடிச்சா பொத்துக்கும்ல? இங்க தொட்டுப் பாருங்கய்யா. இது கை பட்டுத் தேஞ்சது. ஒரு நாள்ல, ரெண்டு நாள்ல தேயாது. ஒருத்தி ஆயுசு பூரா புடைச்சிருக்கா."

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, நெல்லைக் கொட்டிவிட்டு, சுருள் சுருளாக வெகுநேரம் பார்த்தார். நடுச் சுருளின் தையலுக்குள்ளே உமி ஒன்று மாட்டியிருந்தது. எங்கள் நெல்லின் உமி இல்லை அது. கறுத்து, மக்கி, பட்டையோடு பட்டையாக ஒட்டிப்போயிருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியாமப் போச்சுங்கம்மா. இது வேலை செஞ்ச சாமான்தான். மாத்தி எழுதிடறேன்."

பேராசிரியர் கார்டை வாங்கி அவரே எழுதினார். நெல் புடைக்கும் தட்டு, பழையது, அடிமைப்படுத்தப்பட்ட மக்கள் முடைந்தது. அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்' என்று போட்டு அம்மாவின் பெயரை எழுதி, 'வேளாண் வல்லுநர்' என்று சேர்த்தார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"வல்லுநர்னா?"

"வேலை தெரிஞ்சவங்கன்னு அர்த்தம்."

"அப்ப அதையே போடச் சொல்லு. நெல்லு வேலை தெரிஞ்சவ."

அப்படியே போட்டார்கள். அந்தக் கார்டை நான் படம் எடுத்தேன். அம்மா தாழ்வாரத்தில் நெல்லைத் தூக்கிப் போட்டபோது ஒரு மாணவி எடுத்த படமும் கிடைத்தது. இரண்டையும் அந்த அம்மையார் அப்போதே எழுதிக் கொடுத்திருந்த சார்ல்ஸ்டன் முகவரிக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து அந்த அம்மையாரின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாதாம். மகள் படத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, அதைத் தங்கள் தேவாலயத்தில் மாட்டச் சொன்னாராம். கழனியில் செத்துப்போனவர்களின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் என் அம்மா நெல் புடைத்துக்கொண்டு நிற்கிறாள். உலகம் முழுவதும் நான் போன ஊர்களில், எனக்குப் பெருமை தந்த இடம் நான் பார்க்காத அந்தச் சுவர்தான்.

கண்காட்சியின் கடைசி நாள் எங்கள் தெருப் பெண்கள் பத்தொன்பது பேர் பஸ் மாறி மாறி தஞ்சாவூர் வந்து சேர்ந்தார்கள். அம்மா ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் அவர்களை நிறுத்தி விளக்கினாள். நான் சொன்னவற்றோடு தானாகவும் நிறையச் சேர்த்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை. பேராசிரியரின் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பின்னால் போனார்கள். மதியச் சாப்பாட்டையே அம்மா மறந்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒரத்தநாடு தாண்டியதும், தண்ணீர் கட்டி நாற்றுக்குத் தயாராக இருந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த வாத்தியாரு திருச்சியிலயும் வைக்கலாமான்னு கேட்டாரு. வர்றேன்னு சொல்லிட்டேன். நடவு முடிஞ்சு வர்றேன்னு சொல்லியிருக்கேன்."